பெட்டகத்திற் கிடந்த இசை

கிடைத்தற்கரிய இசைத்தட்டுகளைத் தேடித் தொகுப்போர் பலர், அருமையையும் பெருமையையும் ஒன்றாகவே கொள்வர். நெடுங்காலம் வெளிவராது கிடந்த ஒலிப்பதிவுகளுட் பல, வெளிவராமையால் எவர்க்கும் நட்டம் விளைக்காதவை. ஆயினும், ஒரு கலைஞனைப் பற்றி நாம் கொண்ட தீர்ப்பையே திருத்தவல்லனவும் சில உள. அமெரிக்க ஜாஸ் கலைஞர் பொபி ஹச்சர்சனின் ‘த கிக்கர்’ அத்தகையது.

ஹச்சர்சன் (1941–2016) வாசித்த கருவி வைபிரபோன். உலோகச் சட்டங்களைக் கோல்களால் தட்டி இசைப்பது அது. சட்டங்களின் கீழ் அமைந்த குழாய்களின் வாயில், மின்விசையாற் சுழலும் தட்டுகள் ஒலியை அலைவுறச் செய்யும். காலால் மிதிக்கும் கட்டை ஒலியை நீட்டவும் அடக்கவும் உதவும். 1930இல் லூயி ஆம்ஸ்ட்ரோங்கோடு லயனல் ஹம்ப்டன் இதனை வாசித்துப் பதிவு செய்தார். மில்ற் ஜாக்சன் பின்னர் அச்சுழற்சியின் வேகத்தைக் குறைத்து, குரலிசையின் குழைவை இதற்கு அளித்தார்.

ஹச்சர்சனை ஒரு புதுமைவாதியாகவே இசையுலகம் முதலில் அறிந்தது. எரிக் டொல்பி 1964 பெப்ரவரியிற் பதிவு செய்த ‘அவுட் டு லஞ்ச்’ என்னும் தொகுதியிற் பியானோ இல்லை. அதன் இடத்தை நிரப்பவேண்டிய ஹச்சர்சனோ நிரப்பவில்லை. கூரிய ஒலிகளை இடையிடையே எறிந்து வெற்றிடத்தையே இசையாக்கினார். அவர் தலைமையில் முதன்முதல் வெளிவந்த ‘டயலொக்’ (1965) தொகுதியும் அப்போக்கினதே. அதிலுள்ள ஆக்கங்கள் யாவும் அன்ட்றூ ஹில், ஜோ சேம்பர்ஸ் ஆகிய இருவருடையவை. ஹச்சர்சன் இயற்றியது ஒன்றுமில்லை.

‘த கிக்கர்’ இவ்விரண்டுக்கும் முந்தியது. 1963 டிசம்பர் 29இல் நியூ ஜேர்சியில் உள்ள வான் கெல்டர் கலையகத்திற் பதிவாகிய அதனை, புளூ நோட் நிறுவனம் 1999இலேயே வெளியிட்டது. முந்திய மாதம் கிராண்ட் கிறீனின் ‘ஐடில் மோமன்ற்ஸ்’ தொகுதியில் வாசித்த அதே அறுவரே இதிலும் வாசித்தனர். அது 1965இல் வெளிவந்தது. இது பெட்டகத்திற் கிடந்தது.

இங்கே நாம் கேட்பது தாளத்தோடு இணங்கித் துள்ளிச் செல்லும் மரபு நடை. ‘ஃபோர் டியூக் பி.’ என்பது ஹச்சர்சனின் சொந்த ஆக்கம். ‘டயலொக்’ மறைத்த இயற்றுநரை இது காட்டுகின்றது. குறையும் உண்டு. கிறீனின் கிற்றார் சேரும் பிற்பாதியில் பியானோ, கிற்றார், வைபிரபோன் மூன்றும் ஒரே வெளிக்குப் போட்டியிடுகின்றன. முற்பாதியே எமக்கு உவப்பானது.

அவ்வாறாயின், அவர் மரபிலிருந்து புதுமைக்கு வளர்ந்தார் எனலாமோ? அதுவும் பொருந்தாது. 1963 ஏப்ரலிலேயே ஜக்கி மக்லீனின் ‘வண் ஸ்டெப் பியொண்ட்’ தொகுதியில் அவர் புதுநெறியில் வாசித்துள்ளார். இரு நடைகளும் ஒருங்கே அவரிடம் இருந்தன. பிற்காலத்தில் அவர் மரபுக்குத் திரும்பினார் என்பாரும் உளர். அதனை விட்டு நீங்காதவர் திரும்புவது எங்ஙனம்?

கிறீன் 1979இல் மறைந்தார். பியானோ வாசித்த டியூக் பியர்சன் 1980இற் காலமானார். அவர் பெயர் தாங்கிய ஆக்கம் உலகின் செவிக்கு எட்டியது அதற்குப் பத்தொன்பது ஆண்டுகளின் பின்னரேயாம்.