பாடமாக்கப்பட்ட பொண்ணுங்க

கேலி பண்ணத்தான் உட்கார்ந்தேன். அமெரிக்காவில் எம்டிவி 2009 ஜூன் மாதம் தொடங்கிய ‘16 அண்ட் பிரெக்னன்ட்’ தொடர். ஒரு பகுதிக்கு ஒரு பொண்ணு. வயிறு தெரியிற காலத்திலிருந்து, பிள்ளை பெத்துச் சில மாதம் வரைக்கும் காமிரா கூடவே நிற்கிறது.

கேலி வரல. நடுராத்திரி அழுகிற பிள்ளை, பாதியில் நிற்கிற படிப்பு, மெல்ல நழுவுகிற காதலன். தாய்மையைத் தெய்வீகமாக்கி எழுதுகிறவர்கள் மறைக்கிற உடம்புவலியை இது காட்டிவிடுகிறது. அந்த மதிப்பை நான் மறுக்கல.

மெலிசா கியர்னி, பிலிப் லெவின் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 2014-ல் வேறொரு மதிப்பைச் சொன்னார்கள்: தொடர் வந்த பிறகான 18 மாதத்தில் பதின்வயதுப் பிரசவம் இதனால் 5.7 சதவீதம் குறைந்தது. அந்தக் கணக்கு முறையை வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். கணக்கு சரியாவே இருக்கட்டும். பார்த்தவளுக்குப் புத்தி வந்தது. காட்டப்பட்டவளுக்கு என்ன வந்தது?

நான் படிக்கும்போது ஒரு வாத்தியார் வகுப்பில் என்னை எழுப்பி நிறுத்திச் சொன்னார்: ‘படிக்கலன்னா இவ அம்மா மாதிரி கூலிக்கு நாத்து நடத்தான் போகணும்.’ மத்த பிள்ளைங்க பயந்துபோய் நல்லாத்தான் படிச்சாங்க. பாடம் பலிச்சது. அன்னைக்குச் சாயங்காலம் என் அம்மா முகத்தை என்னால பார்க்க முடியல. அந்த வகுப்பில் நின்றவளாகத்தான் இந்தத் தொடரைப் பார்க்கிறேன்.

இது காட்டாததும் இருக்கிறது. பிரசவ விகிதம் வெள்ளையரைவிடக் கறுப்பின, லத்தீன் பொண்ணுங்க மத்தியில் இரண்டு மடங்குக்கு மேல் இருந்த காலம் அது. திரையில் வந்தவர்களோ பெரும்பாலும் வெள்ளைப் பொண்ணுங்க. மற்றவர்களின் வறுமைக்கு அங்கே கதையே இல்லை. கருவைக் கலைத்தவர்களுக்குக் கிடைத்தது, 2010 டிசம்பரில் நள்ளிரவை ஒட்டிய நேரத்தில் வந்த ‘நோ ஈசி டெசிஷன்’ என்ற ஒரு தனி நிகழ்ச்சி.

பின்னணியில் பேசுகிற குரல் அந்தப் பொண்ணோடது. வெட்டி ஒட்டுகிற கத்தரி கம்பெனியோடது. காமிரா போனபிறகும் அவள் அதே ஊரில், ‘இவளை மாதிரி ஆகிடாதே’ என்கிற வாய்களுக்கு நடுவில்தான் பிள்ளை வளர்க்கணும். குறைந்த பிரசவங்களை எண்ணுகிறவர்கள் அவளையும் கணக்கில் சேர்க்கட்டும்.