பூண்டுக்குப் பனி வேண்டும்

இங்கிலாந்துத் தோட்டக்காரர்களின் கைவரிசையைப் பார்க்க அக்டோபர்தான் சரியான மாதம். அவரையும் பூசணியும் காய்த்து ஓய்ந்து எருக்குழிக்குப் போயிருக்கும். வானம் நாள் முழுக்க மூடிக் கிடக்கும். மண்வெட்டியைக் கழுவி வைக்கவேண்டிய நேரத்தில் சிலர் மட்டும் மண்டியிட்டு எதையோ ஊன்றிக்கொண்டிருப்பார்கள். ஒரு பாத்தியில் பூண்டு, அடுத்ததில் வெங்காயம். எடுப்பது அடுத்த ஜூனில், ஜூலையில்.

பனியில் அழுகிவிடாதா என்று நமக்குத் தோன்றும். பூண்டு மத்திய ஆசிய மலைகளில் பிறந்த பயிர். குளிர் அதற்குத் தாய்வீடு. 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே ஒன்றிரண்டு மாதம் மண்ணில் கிடந்தால்தான் உள்ளே பற்கள் ஒழுங்காகப் பிரியும். குளிர் போதாவிட்டால் ஒரே உருண்டையாகத் திரண்டுவிடும். அந்த ஒற்றைப் பூண்டுக்கு நம் ஊரில் மருந்து என்று தனி மதிப்பு; ஆங்கிலேயத் தோட்டக்காரருக்கோ அது தோற்றுப்போன பயிர். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற நம் மலைப்பூண்டு கொடைக்கானல் உயரத்தில் விளைவதிலும் இந்தக் குளிருக்குப் பங்கு உண்டு.

வெங்காயத்தின் சங்கதி நேர் எதிர். அது ஈராண்டுப் பயிர்: முதல் ஆண்டு காய், குளிர்காலம் தாண்டினால் பூ. பென்சில் பருமனைத் தாண்டிய செடி குளிரில் மாட்டினால், ஓராண்டு முடிந்தது என்று எண்ணிக்கொண்டு வசந்தத்தில் பூத்தண்டு நீட்டிவிடும். நடுவே கட்டை பாய்ந்த அந்த வெங்காயம் அடுப்படிக்கு லாயக்கில்லை. மிகச் சிறிய செடியோ குளிரில் பிழைக்காது. பிழைக்கிற அளவு வளரவும் வேண்டும், பூக்கிற அளவு வளர்ந்துவிடவும் கூடாது. இந்தச் சிறு இடைவெளியைக் குறிபார்ப்பதுதான் வித்தை. அதனால் விதை வெங்காயம் பொறுக்கும்போது தேர்ந்த கை பெரியதை ஒதுக்கிவிட்டுச் சிறியதை எடுக்கும். பூண்டில் அதே கை பருத்த பல்லாகத் தேடும். ஒரே ஆள், ஒரே மாதம், இரண்டு நியாயம்!

நடுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். முழுப் பூண்டை உடைப்பது நடுகிற சமயத்தில்தான். முன்கூட்டியே உடைத்துவைத்தால் பற்கள் காய்ந்துபோகும். தோலை உரிப்பதில்லை. பல்லின் அடியில் தட்டையாக ஒரு வடு இருக்கும், வேர் புறப்படும் இடம் அது. அதைக் கீழே வைத்து, கூர்நுனி மேலே பார்க்க, பல்லுக்குப் பல் 15 சென்டிமீட்டர் விட்டு ஊன்றி மண்ணால் மூடுவார்கள். வெங்காயத்தை இப்படிப் புதைப்பதில்லை. நுனி மட்டும் எட்டிப் பார்க்கும். அந்த நுனியில் தொங்கும் காய்ந்த சருகைக் கத்தரித்தும் விடுவார்கள். விட்டுவைத்தால் பறவைகள் அதைக் கொத்தி இழுத்துப் பாத்தி முழுக்க இறைத்துவிடும். இந்தக் கத்தரிப்பை வைத்தே ஆளின் அனுபவத்தை எடைபோட்டுவிடலாம்.

தழைச்சத்து உரம் இப்போது கிடையாது. கொழுத்த இளம் தாள் பனியில் அடிபடும் என்பதால் அதைக் குளிர்காலத்தின் கடைசியில்தான் தருவார்கள். பனியைவிடப் பொல்லாதது தேங்கும் தண்ணீர். களிமண் என்றால் மேட்டுப்பாத்திதான்.

இலையுதிர்கால வெங்காயத்தில் பேர்போனது சென்ஷு என்ற ஜப்பான் வகை. ஒசாகாவின் தெற்குப் பகுதிக்கு அது பழைய பெயர். வெங்காயம் பகல் பொழுதின் நீளம் பார்த்துக் காய் திரளும் பயிர். வழக்கமான ஆங்கில வகைகள் கோடையின் நீண்ட பகலுக்குக் காத்திருக்க, இது முந்திக்கொள்ளும். பழைய இருப்பு முளைவிட்டுக் கிடக்கும் ஜூனில் புது வெங்காயம் கைக்கு வருவது சின்ன விஷயம் இல்லை. ஆனால் அது நாள்பட இருப்பு நிற்காது. காரம் குறைவு, சாம்பார் வெங்காயத்தில் பழகிய நாக்குக்குக் கொஞ்சம் சப்பென்றுதான் இருக்கும்.

பூண்டு அப்படி ஏமாற்றுவதில்லை. தண்டுவிடும் வகைகளில் கோடைத் தொடக்கத்தில் பச்சைத் தண்டு வளையம் வளையமாகச் சுருண்டு எழும். அதை இளசாக ஒடித்து எண்ணெயில் வதக்கினால் பூண்டின் மணம், பீன்ஸின் கடி. நட்டவருக்கு மட்டும் தாராளமாகக் கிடைக்கிற கறி இது. கீழ்த் தாள்கள் மஞ்சளானதும் பூண்டைத் தோண்டிவிடவேண்டும். ஒவ்வொரு தாளின் அடிப்பகுதியும்தான் பூண்டைச் சுற்றிய ஒரு தோல். எல்லாம் காயட்டும் என்று விட்டால் தோல் நைந்து பற்கள் விரிந்துபோகும்.

குளிர்நாட்டில் தோட்டம் போடும் தமிழர்களே, இருப்பது ஒரே பாத்தி என்றால் பூண்டுக்கே கொடுங்கள். மளிகைக் கடைப் பூண்டை ஊன்றாதீர்கள். வெண் அழுகல் நோய் ஒருமுறை மண்ணில் இறங்கினால் 15 ஆண்டுகள்கூடப் போகாது. விதைப் பூண்டாக வாங்குங்கள். இங்கிலாந்துக் கணக்குக்கு நவம்பர் வரை நேரம் இருக்கிறது. வெங்காயத்துக்கு அக்டோபரோடு சரி.