எழுத்துக் கூட்டும் கலை

காரவள்ளி அடிவாரத்தில், 70 கொண்டை ஊசி வளைவுகளை ஏறுவதற்கு ஆயத்தமாக நிற்கும் பேருந்தின் நெற்றிப்பலகையில் ‘கொல்லிமலை’ என்று எழுதியிருப்பதை, எழுத்தறிந்த நாம் ஒரே பார்வையில் படித்துவிட்டு இருக்கை தேடப் போய்விடுகிறோம். அந்த ஐந்து எழுத்துகளையும் முதன்முதலாகக் கூட்டிப் படிக்க முயலும் ஆறு வயதுக் குழந்தையின் நிலையில் நின்று நோக்கினால், தமிழ் எழுத்தின் விசித்திரங்களில் பெரும்பாலானவை அப்பெயருக்குள்ளேயே குடியிருப்பது தெரியவரும். ‘கொ’ என்பதில் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னே நிற்கிறது, துணைக்கால் பின்னே நிற்கிறது. ஒலிக்கும்போதோ மெய் முந்துகிறது, உயிர் பிந்துகிறது. அடுத்த லகரத்தின் தலையில் புள்ளி. அதற்கடுத்த லகரத்தின் தலையில் கொக்கி. பின்னர் எந்த அணியும் பூணாத ஒரு மகரம். முடிவில், ஐகாரக் கொம்பை முன்னே தாங்கிய மற்றொரு லகரம். கண் செல்லும் வரிசை ஒன்றாகவும் காது கேட்கும் வரிசை வேறாகவும் அமைந்த இச்சிக்கலை, ஒரு குழந்தை அஞ்சாமலும் அழாமலும் தானே அவிழ்த்துக்கொள்ளும்படி செய்கிற உபாத்தியாயரின் வித்தையை, சங்கீதத்துக்கும் சிற்பத்துக்கும் குறையாத கலையாகவே நான் மதிக்கிறேன்.

அந்த இறுதி ‘லை’யைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியார் 1935 முதல் தம் பத்திரிகையில் வழங்கிவந்த எழுத்துச் சீர்திருத்தத்தை 1978-இல் தமிழக அரசு ஏற்கும்வரையில், அது யானைத் துதிக்கை போன்ற தனி வளைவோடு எழுதப்பட்டது. பழைய ஏடுகளிலும் கல்வெட்டுப் பலகைகளிலும் அந்த வளைவைக் காணும்போதெல்லாம் அதன் எழிலில் மனம் லயித்துப்போவது உண்மையே. ஆயினும் ணை, லை, ளை, னை என்னும் நான்குக்கு மட்டும் ஒரு விலக்கான வடிவைப் பிஞ்சு நெஞ்சங்கள் சுமக்க வேண்டியதில்லை என்றாயிற்றே, அந்த லாபம் பெரிது.

நம் முன்னோர் கைக்கொண்ட முறை செவிவழியது. விஜயதசமியன்று வித்தியாரம்பம் செய்த பிள்ளை, திண்ணைப் பள்ளியில் மணலைப் பரப்பி, விரலால் எழுத்தை வரைந்து, வரையும்போதே ‘ஆனா, ஆவன்னா, ஈனா, ஈயன்னா’ என்று உரக்க ராகம் இழுத்தது. கையும் வாயும் செவியும் ஒருங்கே தொழிற்படும் இந்த அப்பியாசத்தின் அருமையை முதலில் வியந்து எழுதியவர்களில் ஒருவர் அந்நியர். எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கான விடுதிப் பள்ளியை 1789 முதல் நடத்திவந்த ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளிச் சிறுவர்கள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டோடு அதனையும் சேர்த்து 1797-இல் லண்டனில் நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்ற பெயரோடு அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று.

நம் முன்னோரின் அந்தச் செவிவழி முறையின் பெருமையை முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிற நான், அதன் குறை ஒன்றையும் சொல்லாமலிருக்க இயலாது. எழுத்தின் பெயரை அது கற்பித்தது. எழுத்தின் ஒலியைப் பிள்ளையே கண்டுகொள்ளட்டும் என்று விட்டுவிட்டது. பானா, டானா என்று வாய்பாடாக ஒப்புவிக்கிற பிள்ளை, ‘பட’ என்று படிக்க நேரும்போது அப்பெயர்களின் வாலை எங்கே நறுக்குவது என்று தெரியாமல் விழிக்கும். அன்றியும், உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே தன் சொந்த உருவில் நிற்பது. உள்ளே நுழைந்ததும் மெய்யோடு கலந்து கொம்பாகவும் காலாகவும் மாறிவிடுவது. கோடுகளில் மிகக் கடினமான அகரத்தையும் இகரத்தையும் பாடுபட்டுப் பழகிய குழந்தை, புத்தகத்தைத் திறந்தால் வரிக்கு ஒன்றிரண்டு இடங்களிலேயே அவற்றைச் சந்திக்கிறது.

இதை உணர்ந்தவர்கள் வகுத்ததே ட, ப, ம என்று எளிய கோடுகளில் தொடங்கும் முறை. டகரத்துக்கு இரண்டு நேர்கோடுகள், பகரத்துக்கு மூன்று. இம்மூன்று எழுத்துகளோடு புள்ளியையும் அறிந்துகொண்ட மாத்திரத்தில் படம், மடம், பட்டம், மட்டம் என்று மெய்யான சொற்கள் குழந்தையின் கைவசமாகின்றன. நெடுங்கணக்கு முழுவதும் முடியும்வரை காத்திராமல், சில நாள்களிலேயே ‘நான் படித்துவிட்டேன்’ என்று ஒரு குழந்தை எழுந்து நிற்பதற்கு இடந்தரும் முறை எதுவோ அதுவே என் மதிப்பில் உயர்ந்தது.

ஆயினும் முறை என்பது பாதிதான். மறுபாதி அதைக் கையாள்பவரிடம் இருக்கிறது. கொல்லிமலையில், சோளக்காடு என்னும் ஊருக்கு அப்பால், மிளகுக்கொடி படர்ந்த சில்வர் ஓக் மரங்களின் நடுவே உள்ள ஒரு தொடக்கப்பள்ளியில் அவ்வித்தையை மிக அருகிலிருந்து காணும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. சமவெளியிலிருந்து வந்து பணியாற்றும் அந்த ஆசிரியை, பகரத்தைத் தொடுமுன் மகரத்தை எடுத்துக்கொண்டார். “வாய மூடிக்க கண்ணு. இப்ப சத்தம் மட்டும் குடு” என்றார். பாயில் அமர்ந்திருந்த சிறுமி இதழ்களை மூடி ‘ம்ம்ம்’ என்று இழுத்தாள். “அப்படியே மெதுவா வாயத் தொற.” மூடிய இதழ் விரிந்தது, ‘ம’ பிறந்தது. “டீச்சர், தானா வந்துருச்சு!” என்று அவள் கூவியபோது, மெய்யும் உயிரும் கூடுகிற இலக்கணம் அனைத்தையும் அவள் தன் உதட்டிலேயே பிரத்தியட்சமாகக் கண்டுவிட்டாள்.

மகரத்தை முதலில் எடுத்ததில் உள்ள நுட்பம் ரசிக்கத்தக்கது. மூக்கின் வழியே வருகிற அவ்வொலியை மூச்சுள்ளவரை நீட்டலாம். நீட்டிய ஒலி மறு ஒலிக்குள் வழுக்கிச் சென்று கலந்துவிடும். பகரமோ இதழ் பிரிந்த கணத்திலேயே தீர்ந்துபோவது. அதைத் தனியே ஒலிக்கப் புகுந்தால் ‘ப்பு’ என்று ஓர் உகரம் வந்து ஒட்டிக்கொள்ளும். ‘இப்’ என்று முன்னே ஓர் இகரத்தைத் துணைசேர்ப்பது நம்மவர் கண்ட உபாயம்; அதுவும் ‘இப்’ உடன் ‘அ’ சேர்ந்தால் எப்படிப் ‘ப’ ஆகும் என்று கூர்மையான குழந்தையைத் திகைக்கவைக்கும். அந்த ஆசிரியை செய்தது இதுதான்: மகரத்தில் கூட்டும் பழக்கம் நன்றாக ஊறிய பிறகே பகரத்துக்கு வந்தார், வந்தபோதும் அதைப் பிளக்காமல், முழு உயிர்மெய்யாகவே காட்டினார். கன்னடக் குழந்தைகளின் வாசிப்பை ஆராய்ந்த சொனாலி நாக், நம் நாட்டு எழுத்துமுறைகளில் உயிர்மெய் முழுவதும் வசப்பட மூன்றாம் நான்காம் வகுப்பு வரை ஆகும் என்றும், தனி ஒலியைப் பிரித்தறியும் உணர்வு மெல்லவே மலரும் என்றும் கண்டிருக்கிறார். இங்கிலாந்தில் 2012 முதல் முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒலிகூட்டிப் படிக்கும் சோதனை நடக்கிறது. 26 எழுத்துகளுக்குள் சுமார் 44 ஒலிகளை அடைத்துவைத்த மொழிக்கு அது தேவைதான். அம்முறையை ஆங்கில வகுப்பில் தாராளமாகப் பின்பற்றலாம். அதையே சட்டை மாற்றித் தமிழ் வகுப்புக்குக் கொண்டுவருவது எனக்குச் சம்மதமில்லை.

தமிழுக்குத் தனியான ஒலிநயங்கள் உண்டு. கொக்கு, குரங்கு, மிளகு என்னும் மூன்று சொற்களைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். குரங்கின் முதலிலும் முடிவிலும் நிற்பது ஒரே ‘கு’. முதலில் வல்லென ஒலிப்பது, ஙகர மெய்யை அடுத்து வரும்போது கனத்து அதிர்கிறது. மிளகில் அதுவே காற்றாய் இளகுகிறது. கொக்கில் இரட்டித்து இறுகி நிற்கிறது. இதற்கு விதி கூறிப் பிள்ளைகளை வருத்த வேண்டியதில்லை. மிளகு காயும் வாசலில் வளர்ந்த பிள்ளைக்குச் சொல் முன்னமே தெரியும். எழுத்தைக் கூட்டி அச்சொல்லை அடையாளம் கண்ட மறுகணம் நாக்கு தானே வழியறிந்து செல்லும். ஆதலால், முதற்சொற்களைப் பிள்ளையின் வீட்டிலிருந்தே பொறுக்க வேண்டும். இம்மலையில் அவை பலா, தினை, சாமை, மிளகு.

மலை, மழை என்னும் இணையை மட்டும் செவிக்கும் வாய்க்கும் தனியே பழக்கத்தான் வேண்டும். தமிழ்நாட்டின் பல பகுதிகளில் பேச்சில் ழகரம் ளகரமாய்த் தேய்ந்துவிட்ட காலத்தில், நாநுனி மேலெழுந்து அண்ணத்தை வருடப் பிறப்பது அவ்வொலி என்று தொல்காப்பியர் பிறப்பியலில் வகுத்ததை, ஆசிரியர் தம் வாயைத் திறந்து காட்டியே கற்பிக்க வேண்டியிருக்கிறது. மேகம் வகுப்பறைக்குள்ளேயே வந்துவிடுகிற ஐப்பசியில், ‘மலையில் மழை’ என்று இருபது குரல்கள் பிழையறச் சொல்லக் கேட்பது பேரானந்தம்.

ஓராசிரியரே பல வகுப்புகளை ஒரே அறையில் மேய்க்க நேரும் இத்தகைய ஊர்களில், வயதை விட்டு நிலையைப் பார்ப்பதே விவேகம். ஆந்திரத்து ரிஷிவேலியில் கண்ட முறையைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-இல் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணி ஏறலாம் என்றது. பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் சுவரோரக் கரும்பலகையையும் தந்தது. 2022-இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்தது. அட்டைகளும் கையேடுகளும் மாறிக்கொண்டே இருக்கலாம். கைக்கெட்டும் அக்கரும்பலகையை மட்டும் எக்காலத்திலும் அகற்றிவிடக் கூடாது.

பெற்றோருக்கும் பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரிகளுக்கும் என் விண்ணப்பம் ஒன்றுண்டு. 247 எழுத்துகளில் எத்தனை முடிந்தன என்று கேளாதீர்கள். பிள்ளை இதுவரை ஏட்டில் கண்டிராத ஒரு சிறு சொல்லை, அவனுக்குத் தெரிந்த எழுத்துகளால் எழுதிக் காட்டி, அவன் கூட்டிப் படித்து முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் காத்திருங்கள்.