ரெண்டு நிமிஷ ஐடிலிங்

மணலி புதுநகரிலிருந்து ஒரு வாசகர். வேலை துறைமுகம் பக்கம். இருபது வருஷப் பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். ஒன்றை வாங்கிவிட்டார். வாங்கின ஒரே மாசத்தில் நண்பர்கள், மெக்கானிக்குகள், டீக்கடையில் சும்மா நின்றவர்கள் என்று ஆளாளுக்குச் சொன்ன யோசனைகளைப் பதினோரு பாயிண்டாக எழுதி, 'இதில் எது சார் நிஜம்?' என்று கேட்டிருக்கிறார். படித்தேன். மூன்று நிஜம், நான்கு பாதி நிஜம், மிச்சம் நான்கும் வீரவசனம்.

முதலில் கார். 2004-ல் இந்தியாவுக்கு வந்தது. 1.8 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, கூடவே டர்போ, 150 குதிரை. ஐரோப்பாவில் இதே பெயரில் 180 குதிரை கொடுத்தார்கள். நமக்கு முப்பது குறைவு. அப்போது நம் ஊரில் டர்போ என்றால் டீசல், டீசல் என்றால் லாரி. அதனால் பெட்ரோல் டர்போ என்றதும் கார்ப் பித்தர்கள் கிறுகிறுத்துப் போனார்கள். அந்தப் பித்து இன்னும் இறங்கவில்லை. 2017-ல் அதே ஆர்.எஸ். 230 குதிரையோடு திரும்பி வந்தபோது, கொண்டுவந்த ஐந்நூறும் விற்றுத் தீர்ந்தது. புதுசு வாங்க வசதியில்லாத இளைஞர்கள் 2004 மாடலைத் தேடிப் போகிறார்கள். தப்பில்லை. ஆனால் காரோடு சேர்த்து இலவசமாக வருகிற யோசனைகள்தான் ஆபத்து.

மணலி புதுநகர்க்காரருக்கு டர்போ என்றால் என்ன என்று பாடம் எடுக்கத் தேவையில்லை. வாசலில் போகிற டிரெய்லர் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. இன்ஜினிலிருந்து வெளியே போகிற புகையை வீணாக்காமல் ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம் காற்றை இன்ஜினுக்குள் அமுக்குகிறது. ஆல்ஃபிரட் பூக்கி என்ற சுவிஸ் இன்ஜினீயர் 1905-ல் இதற்குப் பேட்டன்ட் வாங்கினார். கார்க்காரர்களுக்கு இது புரிய ரொம்ப நாள் ஆயிற்று.

பாயிண்ட் நம்பர் ஒன்று: 'வண்டியை நிறுத்தினதும் ஆஃப் பண்ணக் கூடாது. ரெண்டு நிமிஷம் ஐடிலிங்ல விடணும்.' இது லாரிக்காரர்களின் வேதவாக்கு. பாதி நிஜம். அந்தத் தண்டு நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுற்றும். ஒருபக்கம் 900 டிகிரிப் புகை. நடுவில் ஒரு மெல்லிய ஆயில் படலம்தான் அதைக் காப்பாற்றுகிறது. விரட்டி ஓட்டிவிட்டுப் பட்டென்று ஆஃப் செய்தால் ஆயில் ஓட்டம் நிற்கும், தேங்கின ஆயில் வெந்து கரியாகும். சரிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் க்யூவில் மணிக்கணக்காக ஊர்ந்து வந்த லாரியின் டர்போ ஏற்கெனவே ஆறித்தான் கிடக்கிறது. அதற்கு எதற்கு ரெண்டு நிமிஷம்? ஆக்டேவியாவின் டர்போவுக்குத் தண்ணீர்க் குளிர்ச்சியும் உண்டு. கடைசி ரெண்டு கிலோமீட்டரைச் சாதுவாக ஓட்டினால் போதும். உங்கள் தெரு இருக்கிற நிலையில் வேறு மாதிரி ஓட்டவும் முடியாது. ஐடிலிங்கில் விட்டுவிட்டு பக்கத்து வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்குவது உங்கள் சௌகரியம்.

ஒரு விஷயம். அமெரிக்காவில் 1962-ல் ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் என்று ஒரு டர்போ கார் வந்தது. இன்ஜின் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனி டாங்கில் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஜனங்கள் ஊற்றவில்லை. கார் இழுக்கவில்லை என்று டீலரிடம் சண்டைக்குப் போனார்கள். நிறையப் பேருக்கு டர்போவையே கழற்றி எறிந்துவிட்டு சாதா கார்புரேட்டர் மாட்டிக் கொடுத்தார்கள். இந்த வகைக் கார்கள் பெரும்பாலும் ஓட்டிக் கெடுவதில்லை, ஊற்ற வேண்டியதை ஊற்றாமல்தான் கெடுகின்றன.

நம்ம ஊர் ஷெட்டுகளில் இதற்கு நேர்மாறு. ஊற்றக் கூடாததை ஊற்றுகிறார்கள். 'டர்போ வண்டிதானே, லாரி ஆயிலே போதும்' என்பது வாசகரின் நாலாவது பாயிண்ட். வீரவசனம். இந்த இன்ஜினின் அடியில் ஆயிலை உறிஞ்சும் குழாயில் ஒரு சின்ன வலை இருக்கிறது. மட்டமான ஆயிலை மாற்றாமல் ஓட்டினால் உள்ளே கசண்டு சேர்ந்து வலையை அடைக்கும். ஆயில் விளக்கு எரிகிறபோது கதை முடிந்திருக்கும். கம்பெனி புஸ்தகத்தில் சொன்ன தரத்தில் முழு சிந்தெடிக் ஆயில், ஏழெட்டாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை. இதில் கஞ்சத்தனம் கூடாது. புதுசாக வாங்கினவர் முதல் வேலையாக அடிச்சட்டியைக் கழற்றி அந்த வலையைப் பார்த்துவிட வேண்டும்.

அடுத்து டைமிங் பெல்ட். பதினோரு பாயிண்டில் இது இல்லவே இல்லை! ஆச்சரியமாக இருக்கிறது. பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வை முட்டும், இருபது வால்வும் வளைந்து போகும். பழைய ஓனர் 'அறுபதாயிரம்தான் ஓடியிருக்கு' என்று மீட்டரைக் காட்டுவார். ரப்பருக்கு மீட்டர் தெரியாது, வயசு தெரியும். பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே வாட்டர் பம்ப்பையும் மாற்றிவிடுங்கள். பழைய பம்ப்புகளில் உள்சக்கரம் பிளாஸ்டிக்.

பெல்ட்டைச் சொல்லாத அதே நண்பர்கள் 'ரீமேப் பண்ணு மச்சி, நூற்றைம்பது நூற்றுத்தொண்ணூறாகும்' என்று மட்டும் மறக்காமல் சொல்லியிருக்கிறார்கள். ஆகும். இருபது வயசான ஹோஸ், இருபது வயசான கிளட்ச், இருபது வயசான பிரேக் இவற்றை வைத்துக்கொண்டு ஆகும். அப்புறம் அந்த 'ப்ஷ்ஷ்...' சத்தம். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் மிஞ்சின காற்று வெளியே பீறிடுகிற சத்தத்துக்காகத் தனியாக வால்வு வாங்கி மாட்டுகிறார்கள். இந்த இன்ஜினில் உள்ளே வரும் காற்றை ஒரு சென்ஸார் முன்னாடியே எண்ணிவிடுகிறது. எண்ணின காற்றை நீங்கள் வெளியே விட்டால், இல்லாத காற்றுக்கும் சேர்த்துப் பெட்ரோல் பாயும். கார் இடிக்கும், புகை கறுக்கும். வவுச்சரில் வரவு வைத்துவிட்டு கல்லாவிலிருந்து பணத்தை எடுத்த மாதிரி. பி.காம். படித்தவனுக்கு இது சுலபமாகப் புரிகிறது.

பெட்ரோல் விஷயத்தில் வாசகர் குழம்பியிருப்பது நியாயம். அவர் வீட்டுக்குப் பக்கத்திலேயே ரிஃபைனரி. 1969-லிருந்து மணலியில் எண்ணெய் சுத்திகரிக்கிறார்கள். ஆனால் அவர் காருக்கு ஏற்ற பெட்ரோல் எந்தப் பங்க்கில் என்று தேடவேண்டியிருக்கிறது. இப்போது வருவது இருபது சதவீதம் எத்தனால் கலந்தது. 'எத்தனால் இன்ஜினைத் தின்னுடும்' என்கிறார் ஒரு நண்பர், 'எத்தனால் டர்போவுக்கு அமிர்தம்' என்கிறார் இன்னொருவர். ரெண்டு பேரும் பாதிப் பாதி. எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம், அது டர்போ இன்ஜினுக்கு நல்லது. ஆனால் பழைய ரப்பரை அரிக்கும், ஈரத்தை இழுக்கும், மைலேஜும் குறையும். 2004-ல் கார் செய்தவர்கள் இதை நினைத்துச் செய்யவில்லை. எத்தனால் இல்லாத பெட்ரோலும் விற்க வேண்டும் என்ற வழக்கை 2025 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட் தள்ளிவிட்டது. நூறு ஆக்டேன் பெட்ரோல் சில பங்க்குகளில் உண்டு, லிட்டர் நூற்றைம்பது ரூபாய்க்கு மேல். அதைவிட பெட்ரோல் ஹோஸ்களை எத்தனாலுக்கு ஏற்றதாக மாற்றிவிடுவது லாபம். மாசக்கணக்கில் டாங்கை நிரப்பி நிறுத்திவைக்காதீர்கள்.

ஒன்பதாவது பாயிண்ட்டைப் படித்ததும் கோபம் வந்தது. 'ராத்திரி பன்னிரண்டுக்கு மேல மீஞ்சூர் பக்கம் அவுட்டர் ரிங் ரோட்டுல விட்டுப் பாருங்க தம்பி, அப்பதான் டர்போ தெரியும்.' அந்த ரோட்டோரத்தில் பின்விளக்கு இல்லாமல் நிற்கிற டிரெய்லர் தெரியுமா? முழு இருட்டில் அது தெரிகிறபோது உங்களுக்கு நூறு அடி கூட மிச்சமிருக்காது. 1970-களின் போர்ஷே 911 டர்போவுக்கு 'விதவைகளை உண்டாக்குகிற கார்' என்றே பட்டப்பெயர். தாமதமாக வந்து மொத்தமாக வருகிற வேகம், வளைவில் பயந்து காலை எடுத்தால் பின்பக்கம் சுழற்றிவிடும். ஆக்டேவியா அவ்வளவு முரடு இல்லை, 1750 சுற்றிலேயே இழுக்க ஆரம்பித்துவிடும். அதனாலேயே வேகம் போவது தெரியாது. வட சென்னைக்காரர்களுக்கு ரேஸ் ஆசை புதுசில்லை. உங்கள் பக்கத்து சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் எத்தனையோ வருஷம் ரேஸ் நடந்தது, பார்க்கக் கூட்டம் அலைமோதியது. 1990-லிருந்து இருங்காட்டுக்கோட்டையில் முறையான டிராக் இருக்கிறது. காசு கட்டி, ஹெல்மெட் போட்டு, அங்கே ஓட்டுங்கள். எதிரே டிரெய்லர் வராது.

'இது கிளாஸிக், விலை ஏறிக்கிட்டே போகும், இன்வெஸ்ட்மென்ட்' என்பது பத்தாவது. பதினைந்து லட்ச ரூபாய் காருக்கு வருமான வரிக் கணக்கில் வருஷம் பதினைந்து சதவீதம் தேய்மானம் எழுதிக்கொண்டே வந்தால், இருபதாம் வருஷம் புத்தக மதிப்பு சுமார் 58 ஆயிரம். டர்போ மாற்றினால் அதைத் தாண்டிவிடும். இருபது வயசு தாண்டின காருக்கு ஆர்.சி. புதுப்பிக்கும் கட்டணத்தையும் 2025-ல் பத்தாயிரம் ஆக்கிவிட்டார்கள். ஆசைக்கு வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். லாபத்துக்கு என்றால் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. கார் வாங்கின விலையில் பாதியைத் தனியாக எடுத்து வைக்க முடியாதவர் இந்தக் காரைத் தொடவே கூடாது என்பது என் கட்சி.

எனக்கு உண்மையிலேயே புரியாதது ஒன்று. பதினோரு பேர் சொன்னதில் ஒருத்தர்கூட வெள்ளத்தைப் பற்றிச் சொல்லவில்லை. 2015-ல் தண்ணீர், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கு மறுபடி தண்ணீர். இவர் இருப்பதோ கொசஸ்தலை ஆறு நிரம்பினால் முதலில் முழுகுகிற பேட்டை! இந்தக் காரில் டர்போ அமுக்கின காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலர் முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் தாழ்வாக இருக்கிறது. இருபது வயசான ஹோஸ் கிளிப் லேசாக விட்டிருந்தால் அங்கேயே தண்ணீர் உள்ளே போகலாம். இன்ஜின் காற்றை அமுக்கும், தண்ணீரை அமுக்காது. சிலிண்டருக்குள் தண்ணீர் கொஞ்சம் அதிகமாகப் புகுந்தால் போதும், கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நின்ற தண்ணீரில் நின்ற கார் என்றால் ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள். உங்களுக்கு விற்றவர் 2023-ல் எங்கே நிறுத்தியிருந்தார் என்று கேட்டீர்களா? சீட்டுக்கு அடியில் கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்கள், ஸ்டெப்னி குழியில் விரலை விட்டுப் பாருங்கள். சேறு இருந்தால் மிச்சப் பத்து பாயிண்ட்டும் தேவைப்படாது. இல்லையென்றால், செப்டம்பர் முடிவதற்குள் மேடான இடத்தில் வீடு உள்ள ஒரு சொந்தக்காரரைப் பிடித்து வையுங்கள். தீபாவளிக்கு அவருக்கு ஸ்வீட் பாக்ஸ் கொஞ்சம் பெரிசாகவே இருக்கட்டும்.