கப்பியும் கயிறும்

மாட்டுங்காவின் பல வீடுகளில் அண்ணாந்து பார்த்தால் தெரியும்: கூரையிலிருந்து தொங்கும் எவர்சில்வர் குழாய்கள், மேலே சின்னக் கப்பிகள், சுவரோரக் கொண்டியில் சுற்றிய நைலான் கயிறுகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வெயிலை நம்பி வேட்டி நனைக்க முடியாத மும்பையில், ஈரத்துணியை விசிறிக் காற்றில் காயவைப்பது இந்தக் கொடிதான்.

இதன் கோளாறு ஒளிந்திருக்காது. கிறீச்சிட்டால் கப்பியின் அச்சுக்குத் தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு. குழாய் சாய்ந்தால் ஒரு கயிறு நீண்டிருக்கிறது. பாதியில் நின்றால் கயிறு பள்ளத்தைவிட்டு நழுவியிருக்கிறது. நைந்த கயிற்றை மாற்றும் விதம்தான் அழகு. கப்பியைக் கழற்றவே வேண்டாம். குழாயை இறக்கிவைத்து, பழைய கயிற்றின் நுனியையும் புதியதன் நுனியையும் மெழுகுவத்திச் சுடரில் இளக்கி, நேருக்குநேர் ஒட்டவைத்து ஆறவிட வேண்டும். ஒட்டின இடம் புடைத்திருந்தால் பள்ளத்தில் சிக்கும். பிளேடால் சீவி, மேலே மெல்லிய நூலைச் சுற்றிவிடுவார்கள். பிறகு அவசரமில்லாமல் இழுக்க, பழையது இறங்க இறங்கப் புதியது தானாகக் கப்பியேறி வரும். ஒட்டு கப்பியைத் தாண்டும்போது விரலில் ஒரு சிறு தட்டல். அதை உணர்ந்தவர் முகத்தில் வரும் திருப்தியே தனி.

புதுக் கயிறு ஈரப் பாரத்தில் சற்று நீளும். சில நாள் கழித்து முடிச்சை இன்னொரு முறை இறுக்கிவிட்டால் மழைக்காலம் முழுக்கக் குழாய் மட்டமாக நிற்கும்.