இருபது போர்

வன்னியம்பட்டியில் ஒரு தோப்பு வீட்டுப் பெரியவர், பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கியை எடுத்து மடித்துக் காட்டினார். தோட்டா இல்லை. கையில் வாங்கியதுமே தெரிந்தது, 12 போர் இல்லை. எடை மூன்று கிலோவுக்கு நன்றாகவே குறைவு. குழலைக் கழற்றித் திருப்பினால் அடிப்பக்கத்தில் சின்னச் சின்ன முத்திரைகள்: வைர வடிவக் கட்டத்துக்குள் 20, சற்றுத் தள்ளிக் கிரீடமும் அதன் கீழே என்.பி. என்ற எழுத்துகளும். பர்மிங்காம் சோதனைச்சாலை, புகையில்லா மருந்தைத் தாங்கும் என்று சோதித்துக் குத்திய முத்திரை அது, 1904-க்குப் பிந்தியது.

“இந்த மாதிரி இன்னும் ரெண்டு மூணு சேர்த்து வைக்கலாமா தம்பி?” என்று கேட்டார்.

போர் என்பது பழைய ஈயக் கணக்கு. ஒரு பவுண்டு ஈயத்தில் குழலுக்குப் பொருந்தும் குண்டுகள் 12 வார்க்க முடிந்தால் 12 போர், 20 வார்க்க முடிந்தால் 20. எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும். நல்ல 20 போரின் அழகு குழலில் மட்டும் இல்லை. பூட்டும் கட்டையும் அதே அளவுக்குச் சிறுத்திருக்க வேண்டும். 12 போரின் உடலில் 20 போர்க் குழலை மாட்டிய துப்பாக்கிகளும் உண்டு. என் கணக்கில் அவை சேகரிக்கத் தகுதியற்றவை. பெரியவர் வீட்டுத் துப்பாக்கி அப்படி இல்லை. மூடும்போது ஒரே ஒரு சத்தம், இடைவெளியே தெரியாத பொருத்தம். அரத்தால் ராவி ராவி அதைப் பொருத்திய கைகளை மதிக்காமல் இருக்க முடியாது.

ஆனால் பயன் என்று பார்த்தால் கதை வேறு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்குப் பின் வந்த திருத்தங்களும் வேட்டைக் காலத்தை முடித்துவிட்டன. மேற்கே தெரியும் மலை இப்போது புலிகள் காப்பகம், 2021 முதல். பன்றி வெள்ளாமையை அழிக்கிறதே என்றால், காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம் என்று 2025-இல் தமிழக அரசு அனுமதித்ததும் வனத்துறைக்குத்தான், தோப்புக்காரருக்கு இல்லை. கடையில் எளிதாகக் கிடைப்பது 12 போர் தோட்டாதான். 20-க்கு அலைந்து வாங்கினாலும் ஆபத்து உண்டு. பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ.; இன்றைய தோட்டாக்கள் பெரும்பாலும் 70. நீளத் தோட்டா உள்ளே போய்விடும், ஆனால் வெடிக்கும்போது வாய் விரிய இடமிருக்காது, அழுத்தம் எகிறும்.

சட்டம் இன்னும் கறார். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு இரண்டு துப்பாக்கிகள்தான், பரம்பரைச் சொத்தும் அதில் அடக்கம். அதற்கு முன்பு மூன்று. மூன்றில் ஒன்றைக் கொடுத்தாக வேண்டிய வீட்டில் எது முதலில் போகும்? தோட்டா கிடைக்காத சின்னப் போர்தான். அரிய பொருள் முதலில் வெளியேறுவது இப்படித்தான். ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு பழம்பொருளுக்கு விலக்குத் தருகிறது. ஆனால் பழுது பார்த்தாலும் சுட முடியாததாக இருக்க வேண்டும். அதாவது கெட்டால்தான் விலக்கு. எனக்கு இதில்தான் மனத்தாங்கல். எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை நான் எதிர்க்கவில்லை. ஊருக்குள் துப்பாக்கி குறைவது நல்லதே. ஆனால் சுடும் ஊசியைக் கழற்றி அரசிடம் ஒப்படைத்துவிட்டு, மற்றதை முழுதாக வீட்டில் வைத்துக்கொள்ள ஒரு வழி இருந்தால், பாதுகாப்பும் கெடாது, வேலைப்பாடும் அழியாது.

ஆகவே பெரியவருக்கு நான் சொன்னது: சேகரிப்பு வேண்டாம். முதலுக்கும் பாதுகாப்புக்கும் சட்டத்துக்கும் எதற்கும் அது ஒத்துவராது. இருக்கிற இந்த ஒன்றை விடவும் வேண்டாம். சுடுவதற்காக அல்ல, முழுமையான 20 போர் என்பதால் வைத்திருங்கள். முத்திரைகளைப் படம் எடுத்து, லைசென்ஸ் நகலோடு சேர்த்து, எந்த வருஷம் யார் வாங்கியது என்று உங்கள் கையால் எழுதி வையுங்கள். உங்களுக்குப் பின் யார் பேருக்கு மாற்றுவது என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

அவர் பேத்தியைக் கூப்பிட்டு நோட்டு எடுத்து வரச் சொன்னார்.