தொழிற்சட்டத்தின் இறுக்கம் என்னும் வாதம்: ஒரு திறனாய்வு

தொழிலாளர் சட்டங்களை நெகிழ்த்தினால் வேலைவாய்ப்புப் பெருகும், இறுக்கினால் ஏழைகளே துன்புறுவர் என்னும் கருத்து நம் நாட்டில் பெற்ற செல்வாக்கிற்குத் திமோத்தி பெஸ்லி, ராபின் பர்ஜெஸ் ஆகிய இரு பொருளியலார் 2004இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை பெரிதும் துணைநின்றது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தில் மாநிலங்கள் செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக எடுத்து, தொழிலாளர்க்குச் சாதகமானதற்குக் கூட்டல் ஒன்று, முதலாளிக்குச் சாதகமானதற்குக் கழித்தல் ஒன்று, இரண்டுமல்லாததற்குச் சுழி என அவர்கள் மதிப்பெண் இட்டனர். பின்னர் அதனை 1958 முதல் 1992 வரையிலான தொழில் வளர்ச்சியோடு ஒப்பிட்டனர். தொழிலாளர் பக்கம் சாய்ந்த மாநிலங்களில் பதிவுபெற்ற ஆலைகளின் உற்பத்தியும் வேலைவாய்ப்பும் தளர்ந்தன, நகர்ப்புற வறுமை மிகுந்தது என்பது அவர்தம் முடிவு. இம்முடிவை அரியலூர், பெரம்பலூர் மாவட்டங்களை மனத்திற்கொண்டு ஆராய விழைகிறோம். அங்குள்ள சபைகளில் ஊழியம் செய்வோர்க்கு இது வெறும் ஏட்டு வினா அன்று.

அவர்தம் அட்டவணையில் தமிழ்நாடு முதலாளிக்குச் சாதகமான மாநிலம்! வாசகர் வியப்படைவர். இருபத்து நான்கு மாதங்களில் 480 நாள் பணிசெய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டுமென்று 1981இல் சட்டம் இயற்றியது நம் மாநிலமே. ஆயின் அது தனிச்சட்டம். தொழில் தகராறுகள் சட்டத்தின் திருத்தமன்று. ஆகவே கணக்கில் ஏறவில்லை. குஜராத்தோ, கூட்டு மேலாண்மைக் குழுக்கள் பற்றி 1973இல் செய்த ஒரே திருத்தத்தால் தொழிலாளர் பக்கம் சேர்ந்துவிட்டது. இத்தகைய குறைகளை ஆதித்ய பட்டாச்சார்ஜி 2006இல் தெளிவுற எடுத்துக்காட்டியுள்ளார்.

நமது தடை இதனினும் அடிப்படையானது. அவ்வட்டவணையில் ஒப்பந்தக்காரருக்கு இடமே இல்லை.

பன்னெடுங்காலத்திற்கு முன் கடலாயிருந்த அரியலூர் மண் இன்று சுண்ணாம்புக்கல்லாகி, அரசு ஆலைக்கும் தனியார் ஆலைகளுக்கும் உணவாகிறது. சிமெண்டுத் தொழிலுக்கென மத்திய அரசு அமைத்த ஊதியக் குழு, ஏற்றுதல் இறக்குதல் தவிர ஏனைய பணிகளில் ஒப்பந்த முறையை ஒழிக்குமாறு அந்நாளிலேயே பரிந்துரைத்தது. அந்த விலக்கைச் சற்று நோக்குக. மூட்டை சுமப்பவனே ஆலையில் மிகுதியாகத் தூசியை உண்பவன். அவனே பாதுகாப்புக்கு வெளியே விடப்பட்டான். ஒரே வாயில் வழியே செல்லும் இருவருள் ஒருவன் பெயர் ஆலையின் பதிவேட்டில் இருக்கும். மற்றவன் பெயர் ஒப்பந்தக்காரரின் ஏட்டில் இருக்கும். ஒத்த வேலைக்கு ஒத்த கூலி தரவேண்டும் என்று 1971ஆம் ஆண்டின் மத்திய விதிகள் கூறின. ஆயின் வேலை ஒத்ததே என்று மெய்ப்பிக்கும் சுமை, நாளை வேலை உண்டோ இல்லையோ என்றறியாதவன் தலையில் விழுந்தது. (திராட்சத் தோட்ட உவமையில் மாலைவரை சந்தைவெளியில் நின்றோரைச் சோம்பேறிகளாகச் சித்திரிக்கும் பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். அவர்களை ஒருவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்பதே கதை.)

2001இல் உச்ச நீதிமன்றம், ஒப்பந்த முறை தடைசெய்யப்பட்டாலும் அத்தொழிலாளர் தாமாகவே நிரந்தரமாகிவிடார் என்று தீர்ப்பளித்தது. அக்காலத்தையொட்டி இந்திய ஆலைத் தொழிலாளருள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒப்பந்தத்தில் இருந்தனர். 2022–23இல் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் அந்நிலையினர். சட்டப் புத்தகம் இறுக்கமாயிருந்தபோதே ஆலை நெகிழ்ந்துவிட்டது. அந்நெகிழ்ச்சியின் விலையைச் செலுத்தியவர் யார் என்பதை அட்டவணை கேட்பதில்லை.

எனினும் ஒன்றை ஒப்புக்கொள்வதே நேர்மை. 480 நாள் என்னும் எல்லை வகுத்ததும், அவ்வெல்லையைத் தொடுமுன்னரே ஆளை நிறுத்தி மீண்டும் புதியவனாகச் சேர்க்கும் வழக்கமும் தோன்றியது. சட்டம் தான் காக்க முனைந்தவனையே சில வேளைகளில் வெளியே தள்ளிற்று. பெஸ்லியும் பர்ஜெஸும் கூறியதில் இவ்வளவு உண்மை உண்டு. ஆயின் சட்டம் தளர்ந்தால் தொழில் தானே வந்துவிடும் என்பதை நாம் ஏற்பதற்கில்லை. செயங்கொண்டத்தில் பழுப்பு நிலக்கரித் திட்டத்திற்கென 1990களில் எடுக்கப்பட்ட நிலங்களைத் திருப்பித்தர 2022இல் முடிவாயிற்று. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கு ஆலை எழாமைக்குத் தொழிற்சங்கமா காரணம்?

இப்பொழுது காலணித் தொழில் வருகிறது. பெரம்பலூர் மாவட்டத்து எறையூரில் 2022இலும், செயங்கொண்டத்தில் 2024இலும் அடிக்கல் நாட்டப்பட்டது. செயங்கொண்டத்தில் மட்டும் 15,000 பேருக்கு, பெரும்பாலும் பெண்களுக்கு, வேலை என்பது வாக்குறுதி. பருத்திக்கும் மக்காச்சோளத்திற்கும் களையெடுக்கும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் சிறிய செய்தியன்று; அதனை இகழ்வோரோடு நாம் சேரோம். ஆனால் 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு இடமளிக்கும் மசோதாவைச் சட்டமன்றம் நிறைவேற்றியதும், எதிர்ப்பு வலுத்தபின் மே நாளில் அது திரும்பப்பெறப்பட்டதும் எந்நெகிழ்ச்சி வேண்டப்படுகிறது என்பதைக் காட்டின.

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. ஆட்குறைப்புக்கு அரசின் முன்அனுமதி வேண்டும் என்னும் விதி 1976இல் 300 பேருள்ள ஆலைகளுக்கென வந்தது. 1982இன் திருத்தம் அதனை 100 ஆக்கியது. இப்போது மீண்டும் 300. குறித்த காலப் பணியாளருக்கு நிரந்தரத் தொழிலாளிக்குரிய ஊதியமும், ஓராண்டிலேயே பணிக்கொடையும் உண்டு என்பது வரவேற்கத்தக்கது. ஒப்பந்தக்காரரிடம் இருப்பவனை இவ்வேற்பாடு ஆலையின் பதிவேட்டுக்குக் கொண்டுவருமாயின் அவனுக்கு அது ஏற்றம். நிரந்தரத் தொழிலாளியின் இடத்தை நிரப்ப அதனைக் கையாண்டால் இறக்கம். எத்தனை முறை அக்காலத்தைப் புதுப்பிக்கலாம் என்பதற்கு அத்தொகுப்பு எல்லை வகுக்கவில்லை.